நான்காம் இருக்கை

இரண்டு பருவமாய் அந்த ஆளைத் திட்டியிருக்கிறேன்,
பெஞ்சுக்குப் பின்னால், மூன்றாம் வரிசையிலிருந்து,
மழை நாளில் குடைக்கம்பியால் தகரத்தைத் தட்டித் தட்டி.
ஒலிம்பியோ பர்ராகான், எங்கள் கோச்.
ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.
ஜெயித்தாலும் தோற்றாலும் அதே பழுப்புக் கோட்டு.
ஜெயித்தது குறைவு என்பதால்
ஊரில் அதற்குத் தோல்விக் கோட்டு என்றே பெயர்.

அணியைச் சொல்கிறேன்.
கோல்கீப்பர் எச்செகோயென்,
பறந்து வரும் பந்தை அடுப்பிலிருந்து இறக்கிய சட்டிபோல
பிடித்ததும் விடுவான்.
தடுப்பில் லெதெஸ்மா, முப்பத்தேழு வயது;
அவன் திரும்புவதற்குள் எங்கள் படகு
ஆற்றைக் கடந்து அர்ஜென்டினா போய் வந்துவிடும்.
பராகுவேயிலிருந்து கடனாக வந்த ஒவெலார்
கோல்கம்பத்தை மட்டும் குறி தவறாமல் அடிப்பான்:
இந்தப் பருவம் ஒன்பது முறை. எண்ணி வைத்திருக்கிறேன்.
கேட்டால் புல்தரை சரியில்லையாம்.
ஆடத் தெரியாதவனுக்கு எந்தக் கூடமும் கோணல்தான்.

பிறகு பிந்தோஸ்.
பத்தொன்பது வயது, இறைச்சி ஆலைத் தெருப் பையன்.
அவன் காலில் பந்து ஏறிவிட்டால்
வேலியோரத்து நாய்கூடக் குரைப்பதை நிறுத்தும்.
அவனைத்தான் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்,
போர்வை போர்த்தி, காய்ச்சல்காரனைப் போல.
எண்பதாம் நிமிடம் வரை கத்துவேன்:
"பிந்தோஸை இறக்குய்யா!"
எண்பத்தெட்டில் இறக்குவார்,
வீடு எரிந்து முடிந்தபின் ஒரு வாளித் தண்ணீர்.

ஞாயிறு இரவு அவரை நீக்கிவிட்டார்கள்.
நான்கு-பூஜ்யம். சொந்த மைதானத்தில்.
தெருவில் கார்கள் ஹாரன் அடித்தன;
நானும் அடித்தேன், மறைப்பானேன்.

திங்கள் காலை ஐந்தேகால், மோந்தேவிதேயோ பஸ்.
ஓட்டுவது நான்.
ஆற்றுப் பனியில் விளக்குகள் எல்லாம் ஊறிக் கிடந்தன.
ஒரே ஒரு பயணி,
ஒரு பை, கக்கத்தில் தெர்மாஸ், அந்தக் கோட்டு.
"டிக்கெட்" என்றேன்.
நீட்டிய கை அப்படியே நின்றது.
"இந்தக் குரலை எனக்குத் தெரியும்" என்றார்.

எனக்கு வாயடைத்துப் போனது.
ஆயிரம் பேர் நடுவில் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்,
ஒரு பஸ்ஸுக்குள் இரண்டு பேர் என்றால்
சொல்வதற்கு என்ன இருக்கிறது.
"நான்காம் இருக்கை, ஜன்னலோரம்" என்றேன்.

வழியெல்லாம் கண்ணாடியில் பார்த்தபடி ஓட்டினேன்.
தூங்கவில்லை. மாத்தே குடித்தார்.
டிக்கெட்டின் பின்பக்கம் ஏதோ எழுதினார், அடித்தார், எழுதினார்.
மெர்செதெஸ் தாண்டியதும் ஒருமுறை
இல்லாத யாருக்கோ கையைக் காட்டி
இன்னும் இடப்பக்கம், இன்னும் என்றார்.

இறங்கும்போது ஒரு வார்த்தை பேசவில்லை.
என்னிடம் மட்டும் இருந்தனவா வார்த்தைகள்?
பஸ்ஸைப் பெருக்கும்போது கிடைத்தது அந்தச் சீட்டு.
அடுத்த ஞாயிற்றுக்கான பதினொரு பேர்,
தனக்கில்லாத ஞாயிறு.
எச்செகோயென் இருந்தான். லெதெஸ்மா இருந்தான்,
அவன் பெயருக்கடியில் இரண்டு கோடு வேறு.
பிந்தோஸ் இல்லை.

கசக்கி எறியத்தான் கை போனது.
பிடிவாதக் கிழம்!
பிறகு ஏனோ வெயில் தடுப்புப் பலகையில் செருகிவிட்டேன்.

ஞாயிறு புது கோச் வந்தார். நீலக் கோட்டு, மினுமினுப்பு.
முதல் நிமிடமே பிந்தோஸ்.
ஊரே எழுந்து நின்றது, நானும் குடையை உயர்த்தினேன்.
பையன் ஓடினான், அழகாக ஓடினான்,
எதிரணியின் பெரிய தடுப்பாளன் ஒருவன்
தோளால் ஒரே இடி.
இருபதாம் நிமிடம் தூக்குப் படுக்கையில் போனான்,
முழங்காலை இரு கையாலும் பிடித்தபடி.
அவன் அம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இதனால் அவர் சொன்னது சரி என்று ஆகிவிடாது.
இடியே விழாமல் போயிருக்கலாம். கோலே விழுந்திருக்கலாம்.
இதைத்தான் வாரம் முழுக்க
டீசல் போடும் இடத்தில் எல்லோரிடமும் சொன்னேன்.

ஆனால் அன்று, இரண்டாம் பாதியில்,
கத்த வாயெடுத்தேன்.
பெஞ்சில் அந்த நீல முதுகு
சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தது.
குடையை மடித்து உட்கார்ந்தேன்,
நனைந்துகொண்டே.