ஏழாம் துளை

இரவு ஒன்று பத்து.
கோலாலம்பூரிலிருந்து வந்த கடைசி விமானம்
வயிற்றைக் காலி செய்துவிட்டுப் படுத்துவிட்டது.
கோபுரம் எங்கள் லோரியின் எண்ணை அழைத்து
"போகலாம்" என்றது.
நாலரைக்குள் திரும்ப வேண்டும்,
ஓர் ஆணியைக்கூட விட்டுவராமல்.

பாயான் லெப்பாஸ் ஓடுபாதை
பகலில் குடித்த வெயிலை இன்னும் விடவில்லை.
பூட்ஸ் அடியில் சுடுகிறது.

சுல்ஹில்மி தண்ணீர்க் குழாயைப் பிடித்தான்,
நான் துளைப்பானை இறக்கினேன்.
இன்றைக்கு இது ஏழாவது.
கடல் பக்க முனையிலிருந்து நானூறு மீட்டர்,
நடுக்கோட்டுக்கு இடப்புறம் மூன்று.
இன்னும் கனமானவை வந்தால் தாங்குமா என்று
மேலிடம் கேட்கிறது.

வெளியே வந்தது
என் இடுப்பு உயரத்துக்கு ஓர் உருளை.
"குவே லாப்பிஸ்" என்றான் அவன்.
"அடித்துண்டு எனக்கு."

டார்ச் அடித்து அளவுகோல் வைத்தேன்.

மேலே ஐந்து சென்டிமீட்டர், ஆறு வருடத் தார்.
அதன் முகத்தில் ரப்பர்க் கறை.
குவாங்சோ, மேடான், டோஹா,
எங்கெங்கோ கிளம்பிய சக்கரங்கள்
தொட்ட கணத்தில் உரித்துப் போட்ட தோல்.

கீழே பதினொன்று, தொழிற்பேட்டைக் காலத்துத் தார்.
அம்மா நுண்நோக்கியில் குனிந்து
முடியிலும் மெல்லிய தங்கக் கம்பி வைத்த சில்லுகள்
பெட்டி பெட்டியாய் இதன்மேல் உருண்டுதான் போயின.
சில்லு கடல் தாண்டியது.
அம்மா நைட் ஷிப்ட் முடிந்து
தொழிற்சாலை பஸ்ஸில் ரெலாவ் வந்து இறங்கினாள்.
இன்றும் ஊசியில் நூல் கோக்க என்னைத்தான் கூப்பிடுகிறாள்.

பிறகு கருங்கல், கனமான அடுக்கு.
பெரிய விமானம் வரப்போகிறதென்று
பாதையை நீட்டிய வருடம்.
பழைய வரைபடத்தில் இந்த இடத்துக்கு எண் உண்டு:
லாட் ஆயிரத்து நூற்று எண்பத்தேழு.
வீடு ஒன்று, தென்னை பதினான்கு, கிணறு ஒன்று.
இழப்பீட்டுத் தாளில்
சல்மா பிந்தி யாக்கோப்பின் பெருவிரல் ரேகை.
தென்னைகளைப் பற்றி எனக்குக் கவலையில்லை.
கிணற்றைத்தான் பயந்து பயந்து தேடினேன்.
சரியாக மூடாத கிணறு
எத்தனை வருடம் கழித்தும் வாய் திறக்கும்.

அதற்கும் கீழே ஒரு சாண்,
எதோடும் ஒட்டாத சங்கதி:
உடைந்த செங்கல், ஓட்டுத்துண்டு, கிளிஞ்சல்.
யுத்தத்தில் குண்டு விழுந்த குழியாக இருக்கலாம்.
நிரப்பியவர்கள் யாரென்று எந்தத் தாளிலும் இல்லை.
படிவத்தில் ஒரு கட்டம் மட்டும்:
அந்நியப் பொருள், உண்டு, இல்லை.
உண்டு.

செம்மண். அப்போது இது புல்தரை.
மேயும் மாடுகளை விமானம் வருமுன் விரட்ட
ஓர் ஆள் இருந்திருக்கிறான்.
கூலிப் பதிவேட்டில் மு. சடையன், நாளுக்கு நாற்பது காசு.
விமானியின் பெயரை நான் தேடவில்லை.

கடைசியாக,
நாலு சென்டிமீட்டர் கறுப்பு.
ஈரம். வயல் களி.
தொட்டால் உதிரவில்லை, வளைந்தது.
சுல்ஹில்மி முகர்ந்து பார்த்தான்.
அதுவரை பேசிக்கொண்டே இருந்தவன்.

துளையை மூடினோம்.
கலவை, இடி, கலவை, இடி.
மேலே தார் பூசி உள்ளங்கையால் தடவினேன்.
மேடில்லை, பள்ளமில்லை.
நாலு இருபத்தாறுக்கு வேலிக்கு வெளியே இருந்தோம்,
கையில் கோப்பி ஓ.

ஆறு ஐந்துக்கு முதல் விமானம்
ஏழாம் துளை மேல் ஓடி எழுந்தது.
உள்ளே யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

பத்து மணிக்குப் பொறியாளர் ஊய் போன் செய்தார்.
"அடுக்கையெல்லாம் கூட்டினால் மொத்தம் வருகிறது.
பெட்டியில் இருப்பதை அளந்தால் வரவில்லை.
நாலு சென்டிமீட்டர் எங்கே?"

"துளைப்பில் இழப்பு, சார்" என்றேன்.

விடியற்காலை லோரியில்
நாசி லெமாக் காகிதத்தை நாலாய் மடித்து
சுல்ஹில்மி சட்டைப் பையில் வைத்ததை
நான் பார்க்கவில்லை.