சாணை பிடித்தது

ஞாயிறு, விடியாத ஐந்தரை மணி.
என்ஸ் ஊர்ச் சந்தையில் பனி இன்னும் விலகவில்லை.
டார்ச் அடித்துத்தான் தேடுவோம் நாங்கள்,
ஆற்றோரம் நண்டு பிடிப்பவர்களைப் போலக் குனிந்து,
ஒருவர் வெளிச்சத்தை ஒருவர் திருடி.

ஓட்மாரின் மேசையில் வழக்கமான கடை:
பதினான்காம் காலாட்படையின் தொப்பி வில்லைகள்,
நாக்கு போன சேணக் கொக்கி,
பெயர்கள் எழுதிய பீங்கான் பியர்க் குவளை.
ராணுவச் சேவை முடித்து வீடு திரும்பியவனுடையது.
அதன் அடியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கினால்
ஜன்னலோரம் ஒரு பெண் தெரிவாள்.
குடித்து முடித்தவனுக்கு மட்டும் தெரிவாள்.

அதற்கப்புறம் வந்த காலத்துக் குத்துவாள்களில்
கழுகின் காலடியில் வட்ட ஒட்டுத்தாள்.
சட்டம் அப்படி.
விலைச்சீட்டு என்று நினைத்து
ஒரு குழந்தை நகத்தால் உரிக்கப் போனது.
மூன்று பெரியவர்கள் ஒரே நேரத்தில் இருமினார்கள்.

நான் அவற்றைத் தொடுவதில்லை.
தொள்ளாயிரத்துப் பதினெட்டுதான் என் எல்லை என்று
கேட்காதவர்களிடமும் சொல்வேன்,
அந்தப் பக்கம் எல்லாம்
கழுவிவிட்ட வாசற்படி போல.

எட்டு மணிக்கு நோட்புர்கா செஹெட்னர் வந்தார்,
கோழிப் படம் போட்ட சமையல் துணியில்
எதையோ சுற்றிக்கொண்டு.
பிரித்தேன்.
பதினேழாம் ஆண்டு அகழிக் கத்தி.
மரப்பிடியில் ஆணி அசையவில்லை.
உறையில் பச்சை வண்ணம்கூட மிச்சம்.
நெஞ்சு தொண்டைவரை வந்து போனது.
முகத்தை மட்டும் கல்லாக வைத்துக்கொண்டேன்,
முப்பது வருடப் பழக்கம்.

உருவினேன்.
அலகு பாதிதான் இருந்தது,
பௌர்ணமி கழிந்து பத்தாம் நாள் நிலா மாதிரி.

"சாணை பிடித்திருக்கிறீர்கள்" என்றேன்,
மருத்துவமனை வராந்தாவில் பேசும் குரலில்.

"பிடிக்காமல்? மாமனார் இத்தாலி மலையிலிருந்து
இதோடு திரும்பி வந்தார். மாமியார் வாங்கிவைத்துக்கொண்டார்.
வருடத்துக்கு இரண்டு பன்றி.
அப்புறம் நான். முட்டைக்கோஸ், வாத்து,
கன்றுக்குட்டி கழுத்தில் கயிறு இறுகிய அன்றைக்கு அந்தக் கயிறு."

"நூற்றைம்பது போக வேண்டியது.
இப்போது இருபது யூரோ தரலாம்."

"தேய்ந்துபோனதாலா?"

"பயன்படுத்தியதால்."

அவர் துணியை நான்காக மடித்தார்.
"மாமியார் கைக்கு வருமுன்
பயன்படுத்தவே இல்லையா?"

நான் உறையின் கொக்கியைச் சரிபார்த்தேன்.
சரிபார்க்க அதில் ஒன்றுமில்லை.

ஓட்மார் தெர்மாஸைத் திறந்தான், மூடினான்.
நோட்புர்கா அம்மாள் கோபப்படவில்லை.
பையிலிருந்து புகையூட்டிய பன்றிக்கொழுப்பை எடுத்து
வில்லைகளைக் கொஞ்சம் தள்ளிவைத்து
மேசையிலேயே நறுக்கினார்.
அந்தப் பக்கம் இருக்கும் எழுத்தைப் படிக்கலாம்,
அவ்வளவு மெல்லிசு.
எனக்கொன்று, ஓட்மாருக்கொன்று,
குழந்தைக்கு இரண்டு.
அலகைத் துணியில் துடைத்து
பத்து மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

வீட்டில் என்னிடம் நாற்பத்தொன்று.
கருநீல வெல்வெட்டில் படுத்திருக்கின்றன.
மாதம் ஒருமுறை வெள்ளைக் கையுறை மாட்டி
எண்ணெய் தடவுகிறேன்.
ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை மாற்றுகிறேன்.
மூலை அட்டையில் எல்லாம் எழுதியிருக்கிறது:
பட்டறை, ஆண்டு, படைப்பிரிவு எண்.
பிடித்திருந்தவன் பெயர் ஆறில்தான்.

வில்ட்ரூட் பிரிந்துபோன வியாழக்கிழமை
சமையல் கத்திகளை மட்டும் எடுத்துக்கொண்டாள்.
இவற்றை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை.
புதுக் கத்தி வாங்க வேண்டும், வாங்க வேண்டும் என்று
நான்கு குளிர்காலம் போய்விட்டது.

அன்று இரவு கம்பு ரொட்டி வாங்கி வந்திருந்தேன்,
மேலே செங்கல் போலக் கெட்டி.
அலமாரிச் சாவி பாக்கெட்டில்தான் இருந்தது.
கொஞ்ச நேரம் நின்றேன்.

பிறகு கையால் பிய்த்தேன்.
துணுக்குகள் கண்ணாடி மேல் விழுந்தன.
ஊதிவிட்டுச் சாப்பிட்டேன்.