ஏழாவது வரி

பெல்லந்தூரில் மழை. மூன்றாம் மாடி.
நாற்பது சர்வர்களை எழுப்ப
ஒரே கட்டளையைத் தட்டிவிட்டுப் படுத்தேன்.
அவை இருப்பது மும்பையில் எங்கோ.
பார்த்ததில்லை. பார்க்கப்போவதுமில்லை.

கண் விழித்ததும் என்னென்ன செய்ய வேண்டுமென்று
பதினெட்டு வரி ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன்:
கடிகாரத்தை இந்திய நேரத்துக்குத் திருப்பு,
வேண்டியதை இறக்கு, நிறுவு,
எண்பதாம் போர்ட்டைத் திற,
முடிந்ததும் எனக்கொரு வார்த்தை சொல்.

ஆறேகாலுக்கு சுஹாஸ் அழைத்தான்.
"பில்லு மட்டும் ஓடுது. ஒண்ணும் எழுந்திருக்கல."

லாகைத் திறந்தால்
எல்லாமே ஏழாவது வரியில் நின்றிருந்தன.
இருநூற்றுப் பதினாலு எம்பி இடம் பிடிக்கும்,
தொடரலாமா?
ஆமாவா, இல்லையா?
கீபோர்டு இல்லாத ஏதோ ஓர் அறையில்
நாற்பதும்
இதையே கேட்டுக்கொண்டு
விடிய விடிய.

ஒரு சின்னக் கோடு, பக்கத்தில் ஒரு ஒய்.
என்ன கேட்டாலும் சரியென்று எடுத்துக்கொள் என்பதற்கு
அவ்வளவுதான். அதைத்தான் விட்டிருந்தேன்.

சேர்த்தேன். பழையதையெல்லாம் அழித்தேன்.
நேற்று ராத்திரி காத்திருந்தது
புதியவற்றுக்குத் தெரியாது.
தொண்ணூறு நொடி. பச்சை, பச்சை, ஒன்று மட்டும்
கொஞ்சம் தாமதித்துப் பச்சை.

பல் தேய்க்காமல் சமையலறைக்குப் போனேன்.
மேடையில் ஒரு தட்டு,
மேலே இன்னொரு தட்டு கவிழ்த்து.
லின்ஸி ஷிஃப்டுக்குக் கிளம்புமுன்
கதவுக்கு வெளியே நின்று ஏதோ கேட்டாள்,
உனக்கும் சேர்த்தா என்பதுபோல.
காதில் ஹெட்ஃபோன். திரும்பவில்லை நான்.

புட்டு. கடலைக்கறியில்
ஏடு கட்டியிருந்தது.
பதில் வராமலே வைத்திருக்கிறாள்.