இரண்டு விநாடி

முதுநகர் மில்லிலிருந்து ஹபீப் கனி அனுப்பிய மூட்டையில்
சவுக்குத்தூளோடு வந்தவை:
மூன்று ஆணி, ஒரு பீடித்துண்டு,
தாழங்குடா மணல் ஒரு பிடி.
சலித்துக் காயவைத்தேன்.

ஐந்நூறு டிகிரி.
குழாய்க்குள் நைட்ரஜன் மட்டும்.
பற்றி எரியக் காற்றில்லாத மரம்
அவிழ்கிறது.

சர்க்கரைச் சங்கிலிகள் சட்டென்று போய்விடும்.
லிக்னின் அப்படியில்லை.
கல்யாண வீட்டுக்கு முதல் ஆளாய் வந்து
பந்தல் பிரித்த பிறகும் உட்கார்ந்திருக்கும் சித்தப்பா அது.
நாலு ஐப்பசிக் காற்றில்
இந்த மரத்தை ஒடியாமல் பிடித்துவைத்த பசை.

வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவே
ஓர் ஆக்சிஜன் பாலம்.
முதலில் அறுவது அதுதான்.
அறுந்த துண்டு ஒற்றை எலக்ட்ரானோடு நிற்கும்,
எட்டியதைப் பிடித்துக்கொள்ளும்.
சூடு கூடக் கூட
அடகுக்குப் போகும் நகைபோல
மெத்தாக்சி ஒவ்வொன்றாய்க் கழலும்:
சிரிங்கால், குவையாகால், கேட்டகால்,
கடைசியில் கழுத்து மூளியாய் பீனால்.

இரண்டு விநாடிக்குள் ஆவியைக் குளிரவைக்க வேண்டும்.
தாமதித்தால் கரி.
முதல் மாதம் முழுக்க நான் கரிதான் எடுத்தேன்.

சொட்டியது எண்ணெய்.
பழைய டிக்காஷன் நிறம்.
மேலே கருவாடு சுட்ட புகை,
அடியில், நம்பமாட்டீர்கள்,
வனிலா ஐஸ்கிரீம்.

குடிகாட்டில் ஏறுகிறவர்களை
வாசனை வைத்தே எந்தக் கம்பெனி என்று சொல்லும்
கண்டக்டர் பாடலீஸ்வரன்
என்னிடம் மட்டும் தடுமாறினார்.
"ஓட்டல்ல அடுப்படி வேலையாம்மா?"
ஆமாம் என்றேன்.
மஞ்சக்குப்பம் ஒன்று என்று
சில்லறை நீட்டினேன்.

பாட்டிலை ஜன்னலோரம் மறந்துவிட்டேன்.
சித்திரை, வைகாசி, ஆனி.
எடுத்துப் பார்த்தால் கூழ்.
அறுந்ததெல்லாம் ஒன்றையொன்று தேடிப் பிடித்து
கெட்டிப்பட்டிருக்கிறது.
'நிலைத்தன்மை குறைவு' என்று நோட்டில் எழுதினேன்.
எழுதிவிட்டு அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
நிலையாக நிற்கத்தானே அது பார்க்கிறது?
இல்லை, இலை ஒன்றும் துளிர்க்காது.
வண்டிக்கு ஊற்றலாமா என்று கேட்டுக்கொண்டேயிருக்கும்
லாரிக்காரர் தேவநாதனுக்கு
இன்னும் என்னிடம் பதில் இல்லை.

அந்த பாட்டிலைக் கொட்டவும் இல்லை.
இன்று காலை துறைமுகத்தில்
மூன்றாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள்.
கதவு படபடவென்று அடித்துக்கொள்கிறது.
பாட்டிலை எடுத்துச் சாய்த்தேன்.
உடனே சாயவில்லை.