ஈரம் 6553.3

மூஸ் ஜாவிலிருந்து தெற்கே நாற்பது நிமிடம்.
ஓரெஸ்ட் ஹவ்ரிலுக்கின் மூன்றாம் களஞ்சியத்துக்குள்
நாங்கள் தொங்கவிட்ட உணரி
கோதுமையின் ஈரத்தை இரண்டு பைட்டாக அனுப்புகிறது.
அவர் கைப்பேசியில் என் செயலி அதைப் படிக்கிறது.
படித்துச் சொன்னது:
ஆறாயிரத்து ஐந்நூற்று ஐம்பத்து மூன்று புள்ளி மூன்று சதவீதம்.

"மாது," என்றார் போனில்.
மாதுமையின் கடைசி எழுத்தை
எந்த வயலிலோ தொலைத்துவிட்டவர்.
"பசிபிக் பெருங்கடலே இவ்வளவு ஈரமில்லை.
உலர்த்தியை ஓட்டவா, மீன் வளர்க்கவா?"

வெறுந்தரையில் கட்டிய செயலி இல்லை அது.
ஒரே கட்டளை. தொடக்க வார்ப்புரு இறங்கியது,
முன்பு குடியிருந்தவர் அடித்த ஆணிகளோடு
வாடகை வீடு கைக்கு வருவதுபோல.
கீழே மூன்று தாவல்கள், நான் கேட்காத ஊதா,
மூன்றாம் தாவலில் "வணக்கம், உலகே".
இருந்த ஆணிகளிலேயே என் நாட்காட்டியை மாட்டினேன்.
அதில் ஓர் ஆணி,
வருவதெல்லாம் எழுத்து என்று நம்பும் சின்னச் செயற்கூறு.
புளூடூத் எதைக் கொண்டுவந்தாலும்
வாசிக்கிற எழுத்தாக்கித் தரும்.

ஜூலையில், ரெஜைனா அலுவலகத்தில்,
ஐஸ்கிரீம் வாளி நிறையக் காய்ந்த கோதுமை வைத்துச் சோதித்தோம்.
பன்னிரண்டு சதவீதம். நூற்றிருபது என்ற எண்.
எழுத்துப் பட்டியலில் அது சின்ன எக்ஸ்.
எக்ஸாகப் போய் எண்ணாகத் திரும்பி வந்தது.
டெல்ஃபின் கைதட்டினான்.
நூற்றிருபத்தேழு வரை எல்லாமே அப்படிப் போய்வரும்.
அடுத்த எண்ணில் எட்டாவது பிட் விழித்துக்கொள்ளும்;
அதன்பின் தனி பைட் எந்த எழுத்தும் இல்லை.
கறுப்புச் சாய்சதுரத்தில் ஒரு கேள்விக்குறியை வைத்துவிட்டு
செயற்கூறு நகர்ந்துவிடும்.
அந்தக் கேள்விக்குறியின் எண் 65533.

காய்ந்த தானியத்திடம் மட்டும் உண்மை பேசும் செயலி.
செப்டம்பரில் மழை.
நனைந்த அத்தனை மணிக்கும் ஒரே கேள்விக்குறி.

இரவு பதினொன்றுக்கு ஆணியைப் பிடுங்கினேன்.
பைட்டை பைட்டாகவே எடு, எழுத்தாக்காதே.
ஓரெஸ்ட் களஞ்சியத்தடியில், டிரக்கில்,
ஹீட்டர் ஓடக் காத்திருந்தார்.
"3456," என்றார். "குறைகிறது.
கிறிஸ்துமஸுக்குள் காய்ந்துவிடும்."

சிரித்தேன். பிறகு சிரிக்கவில்லை.
பதினாறடிமானத்தில் 87, 00.
உணரி சிறியதை முன்னே அனுப்புகிறது.
என் வாசிப்பான், முன்னே வருவதே பெரியது என்கிறது.

இது எனக்குத் தெரியாததா?
"கெ" எழுதக் கொம்பை முன்னே போடுகிறேன், ககரம் பின்னே.
வாயில் ககரம்தான் முன்னே.
நினைவகத்திலும் ககரம் முன்னே, கொம்பு பின்னே.
கண்ணுக்கு ஒரு வரிசை, வாய்க்கு ஒரு வரிசை:
ஐந்து வயதில் கெண்டை எழுதியபோதே
ஒத்துக்கொண்டாயிற்று.
யார் முந்தி என்பது வந்த பொருளில் இல்லை,
அனுப்பியவரும் வாங்கியவரும் பேசிக்கொண்டதில் இருக்கிறது.
நான் உணரியோடு பேசவேயில்லை.
கையேட்டின் பதினேழாம் பக்கத்தில் அது சொல்லித்தான் இருந்தது.

திருத்தம் ஒரு சொல்.
அடைப்புக்குறிக்குள், சுழியத்துக்குப் பின், காற்புள்ளி போட்டு:
ட்ரூ.
தமிழில் மெய்.
புள்ளி வைத்த எழுத்துக்கும் அதே பெயர்.

"பதின்மூன்று," என்றார். "புள்ளி. ஐந்து."
கொஞ்ச நேரம் ஹீட்டர் சத்தம் மட்டும்.
"இது கோதுமை. உலர்த்தி வேண்டாம்.
போய்த் தூங்கு."

வைக்கும் முன் இன்னொன்று கேட்டார்:
மூன்றாம் தாவலைத் தட்டினால் யாரோ
உலகத்துக்கு வணக்கம் சொல்கிறார்களே, நீயா?
இல்லை, எனக்கு முன் அந்த வீட்டில் இருந்தவர், என்றேன்.
"அப்படியா. நான் தினமும் காலையில்
பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்."

நீக்கவேண்டியவை பட்டியலில் அது நான்காவது.
இந்த வெளியீட்டிலும் விட்டுவைத்தேன்.