பூச்சியம், நாற்பத்தைந்து, தொண்ணூறு

குருநகரில் படகு வார்க்கும் கொட்டிலில்
பகல் முழுக்க எனக்குக் கணக்குக் கிடையாது.
பைபர் பாயை விரி, பிசினில் தோய், உருளையால் தேய்,
பயமாய் இருந்தால் இன்னொரு பாய் போடு.
இப்படித்தான் படகு செய்கிறோம்.
கடல் இதுவரை முறையிட்டதில்லை.

இரவில் வேறு.
இரவில் ஒவ்வொரு கிராமுக்கும் பதில் சொல்லவேணும்.
பயத்துக்குப் போட்ட பாயையும் சேர்த்துத்தான்
இறக்கை தூக்கிக்கொண்டு பறக்கும்.

கொழும்பு பஸ்ஸில் வந்தது இரண்டு மீற்றர் கரிநார்,
என் சம்பளத்தில் மூன்றில் ஒன்று.
கத்தரிக்கோல் வைக்க இரண்டு நாள் மனம் வரவில்லை.

முதல் தகட்டுக்கு நாலு அடுக்கு:
பூச்சியம், நாற்பத்தைந்து, மறுபக்கம் நாற்பத்தைந்து, தொண்ணூறு.
எல்லாத் திசைக்கும் ஒரு நார் நிண்டால் காணும் எண்டு நினைத்தேன்.
தகரப் பெட்டிக்குள் வெயிலில் அவித்து
பின்னேரம் அச்சிலிருந்து கழற்ற
பொரிந்த அப்பளம்போல் முறுகி எழுந்தது.
பியற்றா எட்டிப் பார்த்தாள்.
"எண்ணெயை வடிய விடடி."

புத்தகத்தில் அந்த வரி பிறகுதான் கண்ணில் பட்டது.
நடுவில் கண்ணாடி இருப்பதாய் நினைத்து அடுக்கு,
மேலே எந்தத் திசையோ கீழேயும் அதே.
இல்லாவிட்டால் சூடு ஆறும்போதே
தகடு தன்னோடு தானே சண்டை பிடிக்கும்.

வைகாசியில் பிசினுக்குப் பொறுமை இல்லை.
நாற்பது நிமிடம் எண்டு ரின்னில் எழுதியிருக்கு,
இங்கே பதினெட்டில் கோப்பை கையைச் சுடும்.
காற்றை உறிஞ்ச, செத்துப்போன குளிர்ப்பெட்டியின் கொம்பிறசர்.
ஐந்தாம் தகடு பைக்குள் இறுகிக்கொண்டிருக்க
எட்டுப் பத்துக்குக் கரண்ட் போனது.
இருபது நிமிடம்.
கழற்றும்போது ஒரு குறையும் தெரியவில்லை,
முகம் பார்க்கலாம் போல மினுக்கம்.

இரண்டு சீமெந்துக் கல், குறுக்கே தகடு,
நடுவில் வாளி, போத்தல் போத்தலாய்த் தண்ணீர்.
கணக்கு முப்பத்தொரு லீற்றர் எண்டது.
பத்தொன்பதில் வாழைமட்டை மாதிரி உள்ளே பிரிந்தது.

ஐந்து ரூபாய்க் குற்றியால் தட்டிப் பார்த்திருக்கவேணும்.
டிண், டிண், டிண்,
டொப்.
அந்த "டொப்" தான் காற்று குந்தியிருக்கும் இடம்.

அதுக்குப் பிறகு கண்டதையெல்லாம் தட்டுகிறேன்.
படகின் அடிவயிறு, சந்தையில் வத்தகப்பழம்,
எங்கள் விறாந்தைச் சுவர்.
சுவரில் மூன்று இடம் டொப்.
பூசி வெள்ளையடித்து நான் பிறந்த வயது இருக்கும்.
அம்மா அடுப்படியிலிருந்து,
"என்னத்துக்கு அங்கே தட்டுறாய்?"
ஒண்டுமில்லை எண்டேன்.

ஏழாம் அத்தியாயம் அதையேதான் சொல்கிறது.
கண்ணுக்குத் தெரியாத காயம்
ஏற்கனவே இருக்கு எண்டு எடுத்துக்கொண்டு தொடங்கு.
இருக்குமா எண்டு கேளாதே.
இருந்தபடியே எவ்வளவு சுமக்கும் எண்டு கேள்.
அந்தப் பக்கத்தைத் திருப்ப எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

சென்னை விமானம் பலாலிக்கு இறங்கும் நாட்களில்
சத்தத்துக்கு பியற்றாவின் உருளை
ஒரு கணம் நிண்டு திரும்ப ஓடும்.
அவளுக்கு அது தெரியாது.
நான் இறக்கை நுனியைத் தேடுவேன்.
வளைவதுக்கெண்டே கணக்குப் போட்ட நுனி,
இவ்வளவு தூரத்தில் வளைவு தெரியாது,
தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் பார்ப்பேன்.

எட்டாம் தகடு நேற்று இருபத்தொன்பது லீற்றர் தாங்கியது.
அதை ஊருக்குச் சொல்ல ஆசை. விதி விடாது.
நூறு தகடு செய்தால் தொண்ணூற்றொன்பது எதைத் தாண்டுமோ
அதுதான் உன் எண்.
நூறுக்கு என்னிடம் காசில்லை.
எட்டில் ஒண்டு அப்பளம்.

மிச்ச இரண்டு லீற்றர் எங்கே போனது?
கொப்பியில் கேள்விக்குறி போட்டுவிட்டு
வாளித் தண்ணீரை முருங்கைக்கு ஊற்றினேன்.