இன்சுலேஷன் டேப்

டிசம்பர் இரண்டு. விடுமுறை.
ராஸ் அல் கைமாவில் ஐந்தரைக்கே கடல் விழித்துவிட்டது.
என் முழங்கால் இன்னும் விழிக்கவில்லை.

மூன்று வருடம் கழித்து வருகிறேன்.
செய்த பயிற்சியை எழுத ஒரு பெட்ரோல் ரசீதின் பின்பக்கம் போதும்:
செப்டம்பரில் ஒருநாள், புழுக்கம் தாளாமல் பாதியில் திரும்பியது.
அக்டோபரில் ஒன்றுமில்லை.
நவம்பரில் இரண்டு தரம், பள்ளிவாசல் தெருவைச் சுற்றி,
அதிலும் இரண்டாவது தரம்
பூனை குறுக்கே வந்ததைச் சாக்காக வைத்து நின்றது.
மிச்சமெல்லாம் படிக்கட்டு.
லிஃப்ட் நின்றுபோனால் லிஃப்ட்காரன் நடந்துதானே ஏறணும்,
தோளில் கருவிப்பெட்டியோடு பதினெட்டு மாடி,
அதற்கும் மேலே மோட்டார் அறை.
அதையும் கணக்கில் சேருங்கள் என்று
யாரிடம் போய்க் கேட்பது?

நெஞ்சில் குத்திய எண் 2217.
ஊக்கு நான்கில் ஒன்று வளைந்தது.
மரியசூசை என்று கொடுத்திருந்தேன்,
இடம் போதாமல் ‘மரியா’வோடு நிறுத்திவிட்டார்கள்.
தண்ணீர் நீட்டிய பெண்
ஒருகணம் என் மீசையைப் பார்த்தாள்.

அப்போது ரோடெல் பக்கத்தில் ஓடினான்.
ஐம்பத்திரண்டு நிமிடத்தில் முடித்து
நின்றபடியே கரக் டீ குடித்தோம்.
விசா முடிந்து இலோய்லோ போய்விட்டான்.
இப்போது பக்கத்தில் குழந்தைவண்டி தள்ளும் ஒருவர்.
முதல் கிலோமீட்டரிலேயே
அவரும் வண்டியும் என்னைத் தாண்டிப் போனார்கள்.
குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

நாலாவது கிலோமீட்டர். எதிரே அலையாத்திக் காடு.
தப் தப்பென்று யாரோ பின்தொடரும் சத்தம்.
திரும்பினால் யாருமில்லை,
என் வலது ஷூவின் அடிப்பாகம்தான்.
கோடை முழுக்க கம்பெனி வேனின் பின்னால் கிடந்தது;
ஆகஸ்ட் வெயில் பசையைத் தின்றுவிட்டு
வடிவத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறது.

கார்னிஷ் சுவரில் உட்கார்ந்தேன்.
விட்டுவிடலாம் என்று நினைத்ததை மறைக்க மாட்டேன்.
நல்ல காரணம். யாரும் குறை சொல்ல முடியாத காரணம்.
இதற்காகவே வந்த மாதிரி ஒரு நிம்மதிகூட.
பழக்கத்தில் கை இடுப்புப் பைக்குள் போனது.
பேரீச்சம்பழம் இருக்கவேண்டிய இடத்தில்
இன்சுலேஷன் டேப், சிவப்பு.
ஆறு சுற்று. பல்லால் கடித்து அறுத்தேன்.

ஏழாவதில் ஒரு பெண், தலையில் கறுப்புத் துணி,
ஓரமாகக் குனிந்து இடது ஷூவைத் திட்டிக்கொண்டிருந்தாள்
உருதுவிலோ எதிலோ.
“காடி மே ரக்கா?” என்றேன், எனக்கு வந்த இந்தியில்.
“காடி மே,” என்றாள்.
அவ்வளவுதான் பேச்சு.
மிச்சமிருந்த டேப்பைக் கொடுத்தேன்.
ஒன்பதாவதில் என் சிவப்பைக் கட்டிக்கொண்டே
என்னைத் தாண்டினாள்.
திரும்பிப் பார்க்கவில்லை. நானாக இருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன்.

கடைசியில் தெரிந்த கொடிக்கம்பம்
எத்தனை ஓடியும் அதே தூரத்தில் நின்றது.
இருட்டுப் படிக்கட்டில் கற்றது ஒன்றுதான்,
படியை எண்ணாதே, திருப்பத்தை எண்ணு.
இங்கே ரோடு நேராகக் கிடந்தது, திருப்பமே இல்லை.
விளக்குக் கம்பங்களை எண்ணிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

ஒரு மணி பத்தொன்பது நிமிடம்.
கழுத்தில் மெடல், கையில் லபன் பாட்டில்.
மூடியைத் திருகுவதற்குள் போன்.
இன்றைக்கு டியூட்டி யாரென்று பட்டியல் பார்த்தேன்:
நான்தான்.

ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் நிற்கிறது லிஃப்ட்.
கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினேன்,
சட்டைக்குள் மெடல், பெட்டிக்குள் ஸ்பேனர்,
ரெண்டும் மாறி மாறிச் சத்தம் போட,
படிக்குப் படி டேப் கொஞ்சம் ஒட்டி ஒட்டிப் பிரிய.

கதவு இடுக்கில் ஒரு குரல், பொறுமை இழந்த குரல்:
“அண்ணா, எவ்வளவு நேரம் ஆகும்?”
ஒரு மணி பத்தொன்பது என்று
வாய்வரை வந்துவிட்டது.